விண்ணில் திறக்கும் கதவுகள்

வீட்டுக் கதவு ஒன்று திறக்க மறுத்தால் என்ன செய்வோம்? தோளால் ஒரு தள்ளுத் தள்ளுவோம். கீலில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவோம். அப்படியும் அசையவில்லை என்றால் தச்சரை அழைப்போம். மழையில் மரம் உப்பிவிட்டது என்று சொல்லி, இழைப்புளியால் நாலு சீவு சீவிவிட்டுப் போவார். அத்துடன் வேலை முடிந்தது.

அதே கதவு தரையிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால்? தள்ளத் தோள் இல்லை. எண்ணெய் விடக் கை இல்லை. தச்சரும் வர மாட்டார். 1981ஆம் ஆண்டில் நம் நாட்டு விஞ்ஞானிகளுக்கு இந்தச் சோதனை உண்மையாகவே வந்தது.

அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாள், தென் அமெரிக்காவில் உள்ள கூரு ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியன் ராக்கெட், 'ஆப்பிள்' என்னும் இந்தியச் செயற்கைக் கோளைச் சுமந்துகொண்டு கிளம்பியது. பழத்தின் பெயர் போல ஒலித்தாலும் அது ஓர் ஆங்கிலத் தொடரின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து அமைத்த பெயர். இந்தியாவில் கட்டப்பட்டுப் புவிநிலைப் பாதைக்குச் சென்ற முதல் தகவல் தொடர்புக் கோள் அது. அத்திட்டத்தின் இயக்குநர் ஆர். எம். வாசகம். பின்னாளில் இவர் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். ஆப்பிள் கோளை ஒரு மாட்டு வண்டியின் மேல் வைத்து எடுத்த புகைப்படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். ஆன்டெனாவைச் சோதிக்கும்போது உலோகம் குறுக்கிடாத ஒரு மேடை தேவைப்பட்டது. மரத்தாலான மாட்டு வண்டி அதற்குப் பொருத்தமாக அமைந்தது!

ஆப்பிளுக்கு இரண்டு சூரியத் தகடுகள். சூரிய ஒளியை மின்சாரமாக மாற்றும் மின்கலங்கள் அவற்றின் மேல் பரப்பப்பட்டிருந்தன. புறப்படும்போது இரண்டும் உடலோடு ஒட்டி மடிந்திருந்தன. மேலே சென்றதும் கதவு போல் திறந்து விரிய வேண்டும். ஒன்று திறந்தது. மற்றொன்று திறக்கவே இல்லை. கோளுக்குக் கிடைக்க வேண்டிய மின்சாரத்தில் ஒரு பெரும் பகுதி அந்த நொடியே போய்விட்டது.

நம்மவர்கள் சோர்ந்துவிடவில்லை. இருந்த மின்சாரத்தை அளந்து செலவிட்டு, தொலைக்காட்சி ஒலிபரப்பு, வானொலித் தொடர்பு ஆகிய சோதனைகளை 1983 செப்டம்பர் வரை நடத்தினார்கள். ஆயினும் ஒரு கேள்வி எல்லார் மனத்திலும் நின்றது. விண்வெளியில் ஒரு பொருளை அசைப்பது ஏன் இவ்வளவு கடினம்? அதைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருப்பது எப்படி? இக்கட்டுரையில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

எதற்காக அசைய வேண்டும்?

அசையும் உறுப்பு தொல்லை தரும் என்றால், அதை வைக்காமலே இருந்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட்டில் சென்ற நமது முதல் செயற்கைக் கோள் ஆரியபட்டா அப்படித்தான் அமைந்திருந்தது. அது 26 முகங்கள் கொண்ட ஒரு பெட்டி. மின்கலங்கள் அதன் உடலின் மேலேயே ஒட்டப்பட்டிருந்தன. மடிக்கவோ விரிக்கவோ சிறகுகள் கிடையாது. நிலையாக நிற்பதற்குப் பம்பரம் போலத் தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றும் பம்பரம் எளிதில் சாயாது அல்லவா?

ஆனால் இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. உடலில் ஒட்டிய மின்கலங்களில் ஏறக்குறையப் பாதி எப்போதும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். சுற்றிக்கொண்டே இருக்கும் உடலில் பொருத்திய ஆன்டெனாவும் ஒரே ஊரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தகவல் தொடர்புக் கோளுக்கு வேண்டியது வேறு. அதன் ஆன்டெனா இரவும் பகலும் இந்தியாவையே நோக்கியிருக்க வேண்டும். அதன் தகடுகளோ எந்நேரமும் சூரியனை நோக்கியிருக்க வேண்டும். பூமி ஒரு திசையில், சூரியன் ஒரு திசையில். இரண்டுக்கும் இடையே உள்ள கோணம் ஒரு நாளில் முழுச் சுற்று மாறுகிறது. ஆகவே உடல் ஒரு பக்கம் பார்க்க, சிறகு மற்றொரு பக்கம் பார்த்துத் திரும்பிக்கொண்டே இருந்தாக வேண்டும். அசையும் உறுப்பின் தேவை இங்கேதான் பிறக்கிறது. ராக்கெட்டின் தலைப்பகுதி குறுகலானது என்பதால் சிறகுகளை மடித்து எடுத்துச் செல்லவும் வேண்டியிருக்கிறது.

எனவே விண்கலத்தின் அசையும் உறுப்புகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். வாழ்நாளில் ஒரே ஒரு முறை அசைபவை ஒரு வகை. சூரியத் தகடுகளின் கீல்கள், மடிந்த ஆன்டெனாக்கள், நீண்ட கைகள் ஆகியவை இதில் அடங்கும். ஆண்டுக்கணக்கில் ஓயாமல் அசைபவை மற்றொரு வகை. தகடுகளைச் சூரியனை நோக்கித் திருப்பும் மோட்டார், கோளின் உடலைத் திருப்பும் சக்கரங்கள், மேகங்களைப் படமெடுக்கும் கருவியின் கண்ணாடி ஆகியவை இவ்வகை.

தெப்பத்தில் நடப்பவர்

கோயில் குளத்தில் ஒரு சிறு தெப்பம் மிதக்கிறது. அதன் மேல் நிற்கும் ஒருவர் முன்னோக்கி நான்கு அடி நடக்கிறார். தெப்பம் என்ன செய்யும்? பின்னோக்கி நகரும். ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள்.

தரையில் நாம் இதைக் கவனிப்பதில்லை. மேசை மின்விசிறி சுற்றும்போது அதன் அடிப்பாகமும் எதிர்த்திசையில் சுற்றத்தான் முயல்கிறது. மேசையின் உராய்வு அதைப் பிடித்துக்கொள்கிறது. விண்கலத்தைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அதன் ஒரு சிறகை வலப்பக்கம் திருப்பினால், உடல் இடப்பக்கம் திரும்பும். அப்படி உடல் திரும்பினால் ஆன்டெனா இந்தியாவை விட்டு வேறு எங்கோ பார்க்கும். ஆகவே விண்ணில் எந்த ஓர் உறுப்பை அசைத்தாலும் முழுக் கோளையும் அசைக்கிறோம் என்று பொருள். கட்டுப்பாட்டு அமைப்பை வடிவமைப்பவர் முதலில் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்.

இந்த எதிர்வினையையே நமக்கு வேலையாளாகவும் வைத்துக்கொள்ளலாம். கோளுக்குள் ஒரு கனமான சக்கரத்தை மோட்டாருடன் பொருத்துங்கள். சக்கரத்தை ஒரு திசையில் சுழற்றினால் கோள் மறு திசையில் மெல்லத் திரும்பும். இதற்கு எதிர்வினைச் சக்கரம் என்று பெயர். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோளின் நிலைமத் திருப்புத்திறன் சக்கரத்தினுடையதைப் போல் 20,000 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், கோள் நிமிடத்துக்கு 3,000 / 20,000, அதாவது 0.15 சுற்று சுற்றும். ஒரு முழுச் சுற்றுக்கு 6 நிமிடம் 40 நொடி ஆகும். சக்கரத்தை நிறுத்தினால் கோளும் நின்றுவிடும். ஒரு சொட்டு எரிபொருள் கூடச் செலவில்லை. சூரிய மின்சாரம் மட்டும் போதும்!

மேலும் கீழும், இடமும் வலமும், பக்கவாட்டில் சாய்வதும் என மூன்று அச்சுகளுக்கு மூன்று சக்கரங்கள் வேண்டும். பல கோள்களில் நான்காவதாக ஒரு சக்கரத்தைச் சாய்வாகப் பொருத்தி வைப்பார்கள். மூன்றில் ஏதேனும் ஒன்று பழுதானால் அதன் வேலையை இது ஏற்கும். நம் நாட்டில் இத்தகைய சக்கரங்களையும் சூரியத் தகடுகளைத் திருப்பும் பொறிகளையும் உருவாக்குவது திருவனந்தபுரத்தில் உள்ள இஸ்ரோவின் நிலைமப் பொறியமைப்புப் பிரிவு ஆகும்.

மூன்று ஆறுகள் கூடுமிடம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில் திருமுக்கூடல் என்றோர் ஊர் உண்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் அங்கே ஒன்று கூடுகின்றன. ஊரின் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. கட்டுப்பாட்டு அமைப்பு ஒவ்வொன்றும் ஒரு முக்கூடல்தான். அளத்தல், ஒப்பிடுதல், இயக்குதல் என்னும் மூன்றும் அதில் கூடுகின்றன.

ஒரு நாட்டுப்புற எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மாடித் தொட்டிக்கு நீர் ஏற்ற மோட்டாரைப் போடுகிறீர்கள். பத்து நிமிடத்தில் நிரம்பும் என்று கணக்கிட்டு, கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துகிறீர்கள். அன்று மின்னழுத்தம் குறைவாக இருந்தால் தொட்டி பாதிதான் நிரம்பியிருக்கும். ஏற்கெனவே பாதி நீர் இருந்திருந்தால் வழிந்தோடும். இதற்குப் பதிலாகத் தொட்டியில் ஒரு மிதவையை வையுங்கள். நீர்மட்டம் உயர்ந்ததும் மிதவை உயர்ந்து தானே நீரை நிறுத்திவிடும். மின்னழுத்தம் எப்படியிருந்தாலும் கவலை இல்லை. விளைவை அளந்து, அந்தச் செய்தியைத் திரும்பக் கொண்டுவந்து, அதற்கேற்ப வேலையை மாற்றும் இம்முறைக்குப் பின்னூட்டம் என்று பெயர்.

விண்கலத்தில் மிதவையின் இடத்தில் பல உணர் கருவிகள் இருக்கின்றன. சூரியன் இருக்கும் திசையை ஒன்று காட்டும். பூமியின் விளிம்பை ஒன்று காணும். விண்மீன்களைப் படமெடுத்துத் திசையை அறியும் கருவியும் உண்டு. உடல் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதைக் கைரோஸ்கோப் சொல்லும். இருக்க வேண்டிய கோணத்தையும் இருக்கும் கோணத்தையும் கலத்திலுள்ள கணிப்பொறி ஒப்பிடும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிழை என்போம். பிழைக்கு ஏற்ப மோட்டாருக்குக் கட்டளை போகும்.

இந்த வேலையைப் பூமியில் உட்கார்ந்தே செய்ய முடியாதா? ஓரளவுக்குத்தான் முடியும். புவிநிலைக் கோளுக்கு வானொலி அலை போய்த் திரும்ப ஏறக்குறைய கால் நொடி ஆகும். 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆதித்யா எல்-1 கலத்துக்குச் செய்தி போய்ச் சேரவே 5 நொடி ஆகும். செவ்வாய்க்கு அருகில் என்றால் பல நிமிடங்கள். அடுப்பில் பால் பொங்குவதைப் பக்கத்து ஊரிலிருந்து பார்த்துக் கடிதம் எழுதுவது போன்றது அது! எனவே அளத்தலும் ஒப்பிடுதலும் இயக்குதலும் கலத்துக்குள்ளேயே நடக்க வேண்டும்.

முட்டுக்கட்டையின் பாடம்

பிழை எவ்வளவோ அவ்வளவு விசை கொடுத்தால் போதும் என்று தோன்றும். போதாது. ஏன் என்று காண்போம்.

காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலின் வைகாசித் தேரோட்டத்தையோ உங்கள் ஊர்த் தேரையோ நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடித்து இழுப்போர் நூற்றுக்கணக்கானோர். ஆனால் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு நடந்துவரும் ஒரு சிலரே. அவர்கள் தேர் மூலைக்கு வந்து சேரும் வரை காத்திருப்பதில்லை. இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதோடு, தேர் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதையும் பார்க்கிறார்கள். வேகம் அதிகமானால் முன்னதாகவே கட்டையைக் கொடுக்கிறார்கள். மூலைக்கு வந்த பிறகு போட்டால் தேர் அதைத் தாண்டிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கட்டுப்பாட்டுக் கணிப்பொறியும் இதையே செய்கிறது. அதன் விதி மிக எளிது: பிழையை ஓர் எண்ணால் பெருக்கு, வேகத்தை இன்னோர் எண்ணால் பெருக்கு, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழி. மீதிதான் கொடுக்க வேண்டிய விசை. ஓர் ஆன்டெனா 10 பாகை திரும்ப வேண்டும் என்போம். முதல் எண் 2, இரண்டாம் எண் 6 எனக் கொள்வோம். தொடக்கத்தில் பிழை 10, வேகம் சுழி. விசை 20. ஆன்டெனா வேகம் பெறுகிறது. பிழை 6 ஆகக் குறைந்து, வேகம் நொடிக்கு 2 பாகை ஆகும்போது, விசை 12 - 12 = 0. மோட்டார் ஓய்வெடுக்கிறது. பிழை 3 ஆகும்போதும் வேகம் 2 ஆகவே இருந்தால், விசை 6 - 12 = -6. இலக்கை அடைய இன்னும் 3 பாகை மீதமிருக்கும்போதே மோட்டார் எதிர்த்திசையில் இழுக்கத் தொடங்கிவிட்டது! முட்டுக்கட்டை விழுந்துவிட்டது.

வேகத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால் ஆன்டெனா இலக்கைத் தாண்டும், திரும்பும், மீண்டும் தாண்டும். ஊசல் போல ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டாம் எண்ணை மிகப் பெரிதாக வைத்தாலோ ஆமை வேகத்தில் ஊர்ந்து செல்லும். இவ்விரண்டு எண்களையும் சரியாகத் தேர்ந்தெடுப்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை இருக்கிறது.

மணிமுள்ளின் பாதி வேகம்

இனி, ஓயாமல் திரும்பும் சூரியத் தகட்டைப் பார்ப்போம். புவிநிலைக் கோளின் தகடு 24 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். அதாவது மணிக்கு 15 பாகை. கடிகாரத்தின் மணிமுள் மணிக்கு 30 பாகை நகர்கிறது. அப்படியானால் தகடு மணிமுள்ளின் பாதி வேகத்தில்தான் நகர்கிறது. 100 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றும் தொலையுணர்வுக் கோளில் தகடு நிமிடத்துக்கு 3.6 பாகை திரும்ப வேண்டும். இதுவும் நிமிட முள்ளை விட மெதுவானதே.

இவ்வளவு மெதுவாகச் சுற்றுவதற்குப் படி மோட்டார் பயன்படுகிறது. ஒவ்வொரு மின் துடிப்புக்கும் அது ஒரு சிறு படி மட்டும் நகரும். பற்சக்கரங்கள் அந்தப் படியை மேலும் சிறிதாக்கும். சுற்றிக்கொண்டே இருக்கும் தகட்டிலிருந்து உடலுக்கு மின்சாரம் எப்படி வருகிறது? கம்பியைக் கட்டினால் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும் அல்லவா? மாறுதிசை மின்னாக்கியில் நீங்கள் படித்த நழுவு வளையங்களும் தூரிகைகளும் இங்கே கைகொடுக்கின்றன.

மெதுவாக நகர்வதால் தொல்லை இல்லை என்று எண்ண வேண்டாம். நீண்ட, மெல்லிய தகடு ஒரு தென்னங்கீற்றைப் போன்றது. நுனியைத் தட்டிவிட்டால் நெடுநேரம் ஆடும். அதை அடக்கக் காற்று கூட இல்லை. மோட்டாரின் ஒவ்வொரு படியும் தகட்டை ஒரு தட்டுத் தட்டுகிறது. ஊஞ்சல் வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் வீச்சு பெருகிக்கொண்டே போவதைப் போல, படிகளின் தாளமும் தகட்டின் இயல்பான ஆட்டத்தின் தாளமும் ஒன்றிவிட்டால் ஆட்டம் பெருகும். இதுவே ஒத்ததிர்வு. கோள் நடுங்கினால் அது எடுக்கும் படமும் கலங்கும். எனவே இவ்விரு தாளங்களும் ஒன்றாதபடி வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கிக்கு இத்தகைய நடுக்கம் வேறு வழியில் வந்தது. அது பூமியின் நிழலுக்குள் நுழையும்போதும் வெளிவரும்போதும் வெப்பம் சட்டென்று மாறும். சூரியத் தகடுகள் சுருங்கி விரிந்து நடுங்கின. தொலைநோக்கியும் சேர்ந்து ஆடியது. கட்டுப்பாட்டு விதிகளைத் திருத்தி ஆட்டத்தைக் குறைத்தார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று தகடுகளையே மாற்றினார்கள். ஹபிளுக்கு அந்த வாய்ப்பு இருந்தது. பெரும்பாலான கோள்களுக்கு அது கிடையாது.

ஒரே ஒரு முறை

ஒரு முறை மட்டும் அசையும் உறுப்புக்கு மோட்டார் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. கீலில் ஒரு சுருள்வில்லை முறுக்கி வைத்து, தகட்டை உடலோடு கட்டி வைப்பார்கள். விண்ணில் ஒரு சிறு வெடிப்பொருள் கட்டை அறுக்கும். வில் தகட்டைத் திறக்கும். கடைசியில் ஒரு கொக்கி விழுந்து பூட்டிக்கொள்ளும். எலிப்பொறியைப் போல எளிய ஏற்பாடு.

ஆனால் வில் எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும்? காஞ்சிபுரத்துத் தறியில் நெசவாளர் நாடாவை வீசுவதைக் கவனித்திருக்கிறீர்களா? வலு குறைந்தால் நாடா பாவின் நடுவிலேயே நின்றுவிடும். வலு மிஞ்சினால் மறுபுறம் மோதித் துள்ளும்; ஊடை இழை தளரும். தகடும் அப்படித்தான். வில் வலுவற்றதாயின் உராய்வு வென்றுவிடும். தகடு பாதியில் நிற்கும். வலு மிகுந்தாலோ தகடு வேகமெடுத்து, கொக்கியில் மோதி, முறியவும் கூடும். ஆகவே உராய்வு எதிர்பார்ப்பதைப் போல் இரண்டு மடங்கு இருந்தாலும் திறக்கும் அளவுக்கு வில்லை அமைத்து, மோதும் வேகத்தைத் தணிக்கத் தனி ஏற்பாடும் செய்வார்கள். பல தகடுகள் வரிசையாக மடிந்திருந்தால், ஒன்று முந்தி ஒன்று பிந்தித் திறக்காதபடி, கயிறும் உருளையும் கொண்டு எல்லாக் கீல்களையும் இணைத்துவிடுவார்கள்.

உராய்வு விண்ணில் ஏன் இவ்வளவு அச்சம் தருகிறது? சாதாரண எண்ணெயும் மசகும் வெற்றிடத்தில் ஆவியாகிப் போய்விடும். காற்றில்லாத இடத்தில் உலோகப் பரப்பின் மேல் தேய்ந்த ஆக்சைடுப் படலம் மீண்டும் உண்டாவதில்லை. படலமில்லாத இரண்டு தூய உலோகப் பரப்புகள் அழுந்தினால் பற்றவைத்தது போல் ஒட்டிக்கொள்ளவும் கூடும். எனவே மாலிப்டினம் டைசல்பைடு போன்ற உலர்ந்த மசகுகளைப் பூசுகிறார்கள். 1991இல் வியாழனை நோக்கிச் சென்றுகொண்டிருந்த அமெரிக்காவின் கலிலியோ கலத்தில், குடை போன்ற 4.8 மீட்டர் ஆன்டெனா பாதியில் சிக்கிக்கொண்டது. அதன் சில கம்பிகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஏவுவதற்கு முன்பு கலத்தை லாரியில் நெடுந்தூரம் கொண்டு சென்றபோது ஏற்பட்ட அதிர்வில் உலர் மசகு தேய்ந்து போயிருக்க வேண்டும் என்று ஆய்ந்தவர்கள் முடிவு செய்தார்கள். விண்ணில் வந்த நோய்க்கு மண்ணில் போட்ட விதை!

அரிசி மணியில் கால் பங்கு

ஆப்பிளுக்கு அடுத்த ஆண்டு, 1982 ஏப்ரல் 10 அன்று, இன்சாட்-1ஏ ஏவப்பட்டது. இந்தியாவுக்காக அமெரிக்காவில் கட்டப்பட்ட கோள் அது. தொலைபேசி, தொலைக்காட்சி, வானிலை ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே கோள் செய்ய வேண்டும். ஏழாண்டுக் காலம் உழைக்க வேண்டும்.

வானிலைப் படமெடுக்கும் கருவியைக் குளிர்ச்சியாக வைத்திருக்க, கோளின் ஒரு பக்கம் வெறும் வானத்தையே பார்த்திருக்க வேண்டியிருந்தது. அதனால் சூரியத் தகட்டை மறு பக்கத்தில் மட்டும் வைத்தார்கள். இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. ஒளிக்கும் அழுத்தம் உண்டு. 10 சதுர மீட்டர் தகட்டின் மேல் சூரிய ஒளி தரும் விசை, அதை முழுவதும் உட்கொள்வதாகக் கொண்டால், ஓர் அரிசி மணியின் எடையில் ஏறக்குறையக் கால் பங்குதான். ஆனால் அந்தக் கால் பங்கு, ஒரு பக்கம் மட்டுமே, நாள் முழுவதும், மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டிருந்தால் கோள் திரும்பிவிடும். இதைச் சமன் செய்ய, தராசின் மறுதட்டில் எடைக்கல் வைப்பது போல, மறு பக்கத்தில் நீண்ட ஒரு கோலின் நுனியில் சூரியப் பாய் ஒன்றை அமைத்தார்கள்.

அந்தப் பாய் விரியவில்லை.

சமன் குலைந்த கோளைச் சரியான திசையில் நிறுத்தும் சுமை, சிறு ராக்கெட்டுகளின் மேல் விழுந்தது. அவற்றுக்கான உந்துபொருள் 1982 செப்டம்பரில் தீர்ந்துபோய், கோள் கைவிடப்பட்டது. ஏழாண்டு வாழ வேண்டியது ஐந்து மாதங்களில் முடிந்தது. மின்சாரம் இருந்தது, கருவிகள் இருந்தன. விரிய வேண்டிய ஒரு பாய் விரியாததும், அரிசி மணியில் கால் பங்கு விசையும் சேர்ந்து அதை வீழ்த்தின.

இதே ஒளியழுத்தம் பின்னாளில் ஒரு கலத்தைக் காப்பாற்றியதையும் சொல்ல வேண்டும். வேற்று விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடிய கெப்ளர் தொலைநோக்கியின் நான்கு சக்கரங்களில் இரண்டு, 2013ஆம் ஆண்டுக்குள் பழுதாகிவிட்டன. இரண்டு சக்கரங்களால் மூன்று அச்சுகளைக் காக்க முடியாது. பொறியாளர்கள் கலத்தை, சூரிய ஒளி இரு பக்கமும் சமமாகத் தள்ளும்படி திருப்பி நிறுத்தினார்கள். ஒளியழுத்தமே மூன்றாவது சக்கரமாயிற்று! 2014 முதல் 2018 வரை கெப்ளர் அவ்வாறு உழைத்தது. விசை ஒன்றுதான். அதைக் கணக்கில் கொண்டவருக்கு அது துணை. சமன் செய்ய வழியற்றவருக்கு அதுவே பகை.

அதற்குப் பின்

1983 ஆகஸ்டு 30 அன்று சேலஞ்சர் விண்ணோடத்தில் இன்சாட்-1பி சென்றது. இம்முறை சூரியத் தகடு முதலில் திறக்க மறுத்தது. பொறியாளர்கள் மீண்டும் மீண்டும் முயன்று, செப்டம்பர் மாத நடுவில் அதைத் திறக்க வைத்தார்கள். நாடெங்கும் தொலைக்காட்சி பரவியதில் அந்தக் கோளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு கீல் இறுதிவரை திறக்காதிருந்தால் அந்த வரலாறு வேறாக இருந்திருக்கும். 1992 ஜூலையில் சென்ற இன்சாட்-2ஏ இந்தியாவிலேயே கட்டப்பட்டது. அதிலும் ஒரு பக்கம் தகடு, மறு பக்கம் கோலின் நுனியில் சூரியப் பாய். பிறர் கட்டியதில் தவறியதை, நாமே கட்டி விரித்துக் காட்டினோம்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட ஆதித்யா எல்-1, சூரியனை ஆராயும் கலம். அதன் திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி நம் செங்கோட்டையில் பிறந்தவர். காந்தப்புலத்தை அளக்கும் கருவிகளைக் கலத்தின் உடலிலிருந்து விலக்கி வைக்க 6 மீட்டர் நீளமுள்ள கை ஒன்று தேவைப்பட்டது. கரியிழையாலான அந்தக் கை ஐந்து துண்டுகளாக மடிந்து, 132 நாட்கள் அசையாமல் காத்திருந்தது. 2024 ஜனவரி 11 அன்று கட்டளை பிறந்தது. 8 முதல் 12 நொடிக்குள் விரியும் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஏறக்குறைய 9 நொடியில் விரிந்தது. அந்த எண்ணைக் கவனியுங்கள். விரிந்தது என்பது மட்டும் செய்தி அன்று. வில்லின் வலு, உராய்வு, கையின் எடை ஆகிய அனைத்தையும் கணக்கிட்டது சரியாக இருந்தது என்பதும் செய்தி.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நிசார், இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து அமைத்த கோள். அதன் ஆன்டெனா 12 மீட்டர் விட்டமுள்ள ஒரு குடை. பொன் முலாம் பூசிய மெல்லிய கம்பி வலையால் ஆனது. பட்டுச் சேலையின் சரிகையைக் கண்டு பழகிய காஞ்சிபுரத்து மாணவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது! அக்குடையைத் தாங்கும் 9 மீட்டர் கையை, ஒரு நேரத்தில் ஒரு மூட்டு என்ற கணக்கில், சுமார் நான்கு நாட்கள் எடுத்துக்கொண்டு விரித்தார்கள். ஆகஸ்டு 15 அன்று கட்டுகளை அறுத்ததும் குடை தன் விறைப்பினால் மலரத் தொடங்கியது. பிறகு மோட்டார்களும் கம்பிகளும் அதை இழுத்துப் பூட்டின.

கை விரிந்ததும் குடை மலர்ந்ததும் தரையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? பூட்டில் உள்ள சிறு சுவிட்சு ஒன்று சொல்லும். தகடாக இருந்தால் மின்னோட்டம் உயர்வதும் சொல்லும். மூன்றாவது சாட்சியும் உண்டு. உறுப்பு விரியும்போது கோளின் உடல் எதிர்த்திசையில் சற்றே திரும்பும். கைரோஸ்கோப் அதை உடனே உணரும். தெப்பம் அசைந்ததைக் கொண்டே மேலே ஒருவர் நடந்தார் என்று அறிவதைப் போல!

செய்து பாருங்கள்

கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்றை இன்றே நீங்கள் இயக்கிப் பார்க்கலாம். ஒட்டடைக் கம்பு போன்ற நீண்ட கம்பு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்துங்கள். கம்பின் மேல்நுனியைப் பார்த்துக்கொண்டே கையை நகர்த்தினால் நெடுநேரம் நிறுத்தலாம். உங்கள் கண் உணர் கருவி. மூளை ஒப்பிடும் பகுதி. கை இயக்கும் பகுதி.

இனி மூன்று மாற்றங்களைச் செய்யுங்கள். முதலில், மேல்நுனியைப் பார்க்காமல் கையை மட்டும் பாருங்கள். அடுத்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கடைசியாக, நீண்ட கம்புக்குப் பதில் ஒரு பென்சிலை நிறுத்த முயலுங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை நொடி நின்றது என்று நண்பரை எண்ணச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். பென்சில் ஏன் உடனே விழுகிறது? அது விழும் வேகத்துக்கு உங்கள் கண்ணும் மூளையும் கையும் ஈடுகொடுக்க முடியவில்லை. அளந்து, ஒப்பிட்டு, இயக்குவதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. விண்கலத்தை வடிவமைப்பவர் இரவு பகலாகப் போராடுவது இந்த நேரத்தோடுதான்.

கம்பு விழுந்தால் குனிந்து எடுத்து மீண்டும் நிறுத்தலாம். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அந்த வசதி இல்லை. அதனால்தான் ஒரு கீலைத் திறப்பதற்கு முன் தரையில் அதை எத்தனையோ முறை திறந்து மூடிப் பார்க்கிறார்கள். எடையில்லாத நிலைக்காகச் செய்த தகட்டின் கீல் பூமியில் தன் எடையையே தாங்காது. எனவே மேலே தண்டவாளம் கட்டி, கம்பிகளில் தகட்டைத் தொங்கவிட்டு, எடையை நீக்கித்தான் சோதிக்கிறார்கள். வெற்றிட அறையில் வைத்துச் சுட்டெரிக்கும் வெப்பத்திலும் உறையும் குளிரிலும் மீண்டும் பார்க்கிறார்கள். விண்ணில் அது திறக்கப் போவது ஒரே ஒரு முறைதான். அந்த ஒரு முறைக்காகத்தான் இத்தனை முறையும்.